தவ்வை: ஆட்சி இழந்த மூத்தவள்

தெய்வங்களின் வரலாறு – பகுதி 9

சென்ற பகுதியில் திருமகளின் வரலாறு பாற்கடல் கடைந்த கதையோடு நின்றது. அதே கடலிலிருந்து திருமகளுக்கு முன்னரே வெளிப்பட்டவள் என்று புராணங்கள் கூறும் பெண்தெய்வம் ஒருத்தி உண்டு. வடமொழியில் ஜ்யேஷ்டை, அதன் தமிழ் வடிவில் சேட்டை, பழந்தமிழில் தவ்வை, பேச்சு வழக்கில் மூதேவி என்று அவள் பெயர்கள் பலவாயினும் அவை அனைத்தும் ஒரே பொருளையே தருகின்றன. ஜ்யேஷ்டை என்றால் மூத்தவள். தவ்வை என்றால் தமக்கை. மூதேவி என்பது மூத்த தேவி என்பதன் சுருக்கம். குறும்பு செய்யும் குழந்தையைக் குறித்து இன்று சொல்லப்படும் சேட்டை என்ற சொல், அசைவு அல்லது செயல் என்று பொருள்படும் சேஷ்டை என்ற வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. அதற்கும் இத்தெய்வத்துக்கும் தொடர்பில்லை. ஆக, பெயர்களுள் எதிலும் இழிவின் நிழல்கூட இல்லாத ஒரு தெய்வம், தெருச்சண்டையில் வீசப்படும் வசவாக மாறிய வரலாறே இப்பகுதியின் பொருள்.

தமிழில் அவளைப் பற்றிய தெளிவான பழைய சான்று திருக்குறளில் உள்ளது. பொறாமை கொண்டவனைக் காணப் பொறாத திருமகள் அவனைத் தன் தமக்கைக்குக் காட்டிவிட்டு விலகுவாள் என்று அழுக்காறாமை அதிகாரத்திலும் (குறள் 167), முயற்சி உடையவனிடம் திருமகளும் சோம்பல் உடையவனிடம் கரிய முகடியும் தங்குவர் என்று ஆள்வினையுடைமை அதிகாரத்திலும் (617), சூதாட்டத்துக்கே முகடி என்று பெயரிட்டு, அதனால் மூடப்பட்டவர்கள் வயிறார உண்ணவும் வழியின்றி அல்லற்படுவர் என்று சூது அதிகாரத்திலும் (936) வள்ளுவர் அவளைக் கொண்டுவருகிறார். முகடி என்பதும் தவ்வையின் பெயரே. 13ஆம் நூற்றாண்டினரான பரிமேலழகர் அதற்குச் சேட்டை என்றே பொருள் எழுதினார். இம்மூன்று இடங்களிலும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பொறாமையையோ சோம்பலையோ சூதையோ தவ்வை யார்மீதும் ஏவுவதாக வள்ளுவர் சொல்லவில்லை. மனிதன் தன் நடத்தையால் வீட்டைத் திறந்துவைக்கிறான். அவள் வந்து குடியேறுகிறாள். தங்கையும் தமக்கையும் இங்கே பகைவர்களும் அல்லர். ஒருத்தி பொறுப்பை ஒப்படைக்க மற்றவள் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஒழுங்கான நிர்வாகத்தைப் போலவே அது காட்சியளிக்கிறது.

வடமொழி மரபில் அவளுக்கு முன்னோடியாக இருந்தவள் நிருதி. ரிக்வேதத்தில் நிருதி என்பவள் அழிவு, சிதைவு ஆகியவற்றின் தெய்வம். நெருங்கி வந்து அருள வேண்டும் என்று அழைக்கப்படாமல், எட்டிச் செல்ல வேண்டும் என்று வேண்டப்பட்டவள். பிற்காலத்தில் தென்மேற்குத் திசை அவளுக்குரியதாகவும், பின்னர் நிருதி என்ற ஆண் திசைக்காவலனுக்குரியதாகவும் ஆயிற்று. ரிக்வேதத்தின் பிற்சேர்க்கையாகக் கருதப்படும் ஸ்ரீசூக்தம், திருமகளை வரவேற்கும் அதே மூச்சில், பசி, தாகம், அழுக்கு ஆகியவற்றோடு கூடிய மூத்தவளான அலட்சுமியை விரட்டுமாறு வேண்டுகிறது. ஜ்யேஷ்டை என்ற சொல்லும் அலட்சுமி என்ற சொல்லும் ஒருங்கே நிற்கும் பழைய இடம் இது. அக்காள் தங்கை உறவும் ஆகாத தன்மையும் ஒரே கயிற்றில் முடியப்பட்ட இடம் என்றும் சொல்லலாம்.

ஆனால் எல்லா நூல்களும் அவளை விரட்டவில்லை. இல்லறச் சடங்குகளை வகுக்கும் நூல்களுக்குக் கிருஹ்யசூத்திரம் என்று பெயர். அவற்றுள் போதாயனரின் மரபைச் சேர்ந்த பிற்சேர்க்கை ஒன்று ஜ்யேஷ்டையை முறைப்படி எழுந்தருளச் செய்து வழிபடுவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. அதில் அவளுக்குக் கபிலபத்தினி, யானைமுகி என்று பொருள்படும் ஹஸ்திமுகா, விக்கினத்தின் பரிவாரத்தைச் சேர்ந்தவள் என்று பொருள்படும் விக்கினபார்ஷதை, நிருதி முதலிய பெயர்கள் வழங்கப்படுகின்றன. சிங்கங்கள் பூட்டிய தேரும் பின்தொடரும் புலிகளும் உடையவளாகவும் அவள் அங்கே வருணிக்கப்படுகிறாள். கழுதைமேல் வரும் மூதேவியை மட்டுமே அறிந்த வாசகருக்கு இந்தச் சிங்கத்தேர் வியப்பளிக்கக்கூடும். ஆனால் விக்கினம், அதாவது இடையூறு, என்பதே அவளுடைய உண்மையான ஆளுகைக்குரிய நிலம் என்பதை இப்பெயர்ப்பட்டியல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த வழிபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு மதுரையை அடுத்த திருப்பரங்குன்றம் குடைவரைக் கல்வெட்டு சான்று. பாண்டியன் நெடுஞ்சடையனின் 6ஆம் ஆட்சியாண்டில், கலியுக ஆண்டு 3874இல், அதாவது கி.பி. 773இல் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, கரவந்தபுரத்தைச் சேர்ந்த சாத்தன் கணபதி என்ற பாண்டியப் படைத்தலைவன் அங்கே திருக்கோயிலையும் குளத்தையும் திருத்தியதைக் கூறுகிறது. கரவந்தபுரம் என்பது திருநெல்வேலிப் பகுதியிலுள்ள இன்றைய உக்கிரன்கோட்டை. அவன் மனைவி நக்கன் கொற்றி தன் பங்குக்குத் துர்க்கைக்கு ஒரு கோயிலும் சேட்டைக்கு ஒரு கோயிலும் எடுப்பித்தாள் என்று அக்கல்வெட்டு தொடர்கிறது. அரசனுக்கு மிக நெருங்கிய, மகாசாமந்தன் என்ற உயர்பட்டம் தாங்கிய ஒருவனின் இல்லத்தலைவி, தான் எடுக்கும் கோயிலுக்கு எந்தத் தெய்வத்தையும் தேர்ந்திருக்கலாம். அவள் தேர்ந்தெடுத்தவர்களுள் ஒருத்தி, போர்க்களத்துக்குரிய கொற்றவையின் வழிவந்த துர்க்கை; மற்றவள் சேட்டை. வறுமையும் கேடும் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று வேண்டி எவரும் மலையைக் குடைந்து கோயில் செய்வதில்லை. ஆகவே 8ஆம் நூற்றாண்டின் பாண்டி நாட்டில் சேட்டையின் அதிகாரம், கேட்டைத் தருவதாக அல்லாமல் கேட்டைத் தன் கைக்குள் நிறுத்திவைப்பதாகவே விளங்கியிருக்க வேண்டும்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராஜசிம்மன் எழுப்பிய காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலும் அவள் உருவம் இடம்பெற்றது. முற்காலச் சோழர் கோயில்களில் அவளுக்கு நிலையான இருக்கையே அமைந்தது. மூலவர் விமானத்தைச் சுற்றி எட்டுச் சிறு கோயில்களை அமைக்கும் முறைக்கு அஷ்டபரிவாரம் என்று பெயர். பரிவாரம் என்பது தலைமைத் தெய்வத்தைச் சூழ்ந்திருக்கும் துணைத்தெய்வக் கூட்டம். சூரியன், எழுவர் தாய்மார், பிள்ளையார், முருகன், சேட்டை, சந்திரன், சண்டிகேசர், நந்தி ஆகியோர் அவ்வெண்மர். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள திருக்கட்டளைக் கோயிலில் அத்தகைய சிறு கோயில்கள் இன்றும் நிற்கின்றன. பிள்ளையாருக்கும் சேட்டைக்கும் ஒரே திருச்சுற்றில், ஒரே அளவான கோயில்கள் கட்டப்பட்ட காலம் அது என்பதை இங்கே நினைவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இருவரும் மீண்டும் சந்திக்க இருக்கிறார்கள்.

ஆகமங்களும் சிற்ப நூல்களும் அவளுக்கு வகுத்த வடிவம் மற்ற பெண்தெய்வ வடிவங்களிலிருந்து முழுவதும் வேறுபட்டது. ஆகமம் என்பது கோயில் அமைப்பையும் வழிபாட்டையும் நெறிப்படுத்தும் நூல்தொகுதி. அவற்றுள் அம்சுமத்பேதம், சுப்ரபேதம் முதலியவை சேட்டையின் வடிவத்தை விவரிக்கின்றன. இரு கால்களையும் தொங்கவிட்டு, முழங்கால்களைச் சற்றே அகற்றி, கனத்த உடலோடு அவள் பீடத்தில் அமர்ந்திருப்பாள். தடித்த உதடுகளும், தளர்ந்து தொங்கும் மார்பும், தொடையைத் தொடுமளவு சரிந்த வயிறும் அவளுக்குரியவை. தலைமுடி ஒற்றைப் பின்னலாக்கப்பட்டு மகுடம்போல் சுற்றப்பட்டிருக்கும். நிகண்டுகள் அவளுக்குத் தரும் ஏகவேணி என்ற பெயர் இந்த ஒற்றைச் சடையைக் குறிப்பதே. வலப்புறம் காளைமுகம் கொண்ட மகன், இடப்புறம் அழகிய இளம்பெண்ணாக மகள், அருகே காக்கைக் கொடி, சில சிற்பங்களில் துடைப்பம், ஊர்தியாகக் கழுதை. கையில் பெரும்பாலும் ஒரு நீலமலர் இருக்கும். பல குழந்தைகளைப் பெற்றுத் தளர்ந்த, வயது முதிர்ந்த, வீட்டை ஆளும் ஒரு தாயின் உடலை இவ்வளவு உண்மையாகக் கல்லில் காட்டும் தெய்வ வடிவங்கள் தென்னாட்டுக் கோயிற்கலையில் அரிது. இதை அருவருப்பின் சித்திரிப்பு என்று கொள்வது பிற்காலப் பார்வையின் விளைவு. சிற்பங்களின் முகத்தில் அமைதியே மிகுந்திருக்கிறது.

காளைமுக மகனுக்கு மாந்தன் என்றும் குளிகன் என்றும் பெயர். சோதிட நூல்கள் குளிகனைச் சனியின் மகனாகக் கொள்கின்றன. இராகு காலம், எமகண்டம் ஆகியவற்றோடு நாட்காட்டித் தாளில் நாள்தோறும் அச்சாகும் குளிகை நேரம் அவன் பெயரைத் தாங்கியது. அந்த நேரத்தில் செய்யப்படும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பது நம்பிக்கையாதலால், ஈமக்கடன்களை அதில் தவிர்ப்பவர்களே நகை வாங்குவதற்கும் கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கும் அதைத் தேடிப் பிடிப்பார்கள். தாய்க்குக் கிடைக்காத சலுகை மகனுக்குக் கிடைத்துவிட்டது. இருபத்தேழு விண்மீன்களுள் கேட்டை என்பதும் ஜ்யேஷ்டையின் தமிழ் வடிவமே.

சேட்டையிடம் மக்கள் எதை வேண்டினார்கள் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை, அவளை எதிர்த்த ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. திருவரங்கத்தில் வாழ்ந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார் தம் திருமாலை என்ற நூலின் 10ஆம் பாடலில், அரங்கன் இருக்கும்போது அவனை விட்டுவிட்டுச் சேட்டையின் மடியிலிருந்து செல்வம் வரும் என்று காத்துக்கிடப்பவர்களைக் கடிந்துகொள்கிறார். கண்டிக்கத்தக்க அளவுக்கு அவ்வழிபாடு பரவியிருந்தது என்பதும், அவளிடம் கேட்கப்பட்டது செல்வமே என்பதும் அக்கண்டனத்தால் உறுதிப்படுகின்றன. இங்கே ஒரு சொல்லின் விளையாட்டையும் சுட்டலாம். குறளில் முகடி குடியிருக்கும் மடி சோம்பல். ஆழ்வார் சொல்லும் மடி, தாயின் மடி. ஒரே ஒலியில் ஓர் ஊர் வறுமையைக் கேட்டது, மற்றோர் ஊர் வளத்தைக் கேட்டது.

புராணங்கள் இச்சிக்கலை ஒரு குடும்பக் கதையாக்கித் தீர்க்க முயன்றன. பாற்கடலில் முதலில் நஞ்சும், அடுத்து ஜ்யேஷ்டையும், பின்னரே திருமகளும் தோன்றியதாக இலிங்க புராணம் கூறுகிறது. அவளை மணந்தவன் துச்சகன் என்ற முனிவன். அப்பெயருக்குப் பொறுத்தற்கரியவன் என்று பொருள். இறைவனின் பெயர் ஒலிக்கும் இடங்களில் மனைவி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதைக் கண்டு திகைத்த அவனுக்கு, அவர்கள் எங்கெங்கே நுழையலாம் என்று மார்க்கண்டேயர் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறார். கணவனும் மனைவியும் ஓயாது சண்டையிடும் வீடு, விருந்தினரை மதியாத வீடு, குழந்தைகள் ஏங்கிப் பார்த்திருக்கப் பெரியவர்கள் அவர்களுக்குக் கொடாமல் உண்ணும் வீடு ஆகியவை அதில் அடங்கும். பழித்தொகுப்பாகத் தொடங்கிய இப்பட்டியல், தன்னையறியாமலே அவளை இல்லற ஒழுக்கத்தின் காவலாளியாக ஆக்கிவிடுகிறது. பிறகு துச்சகன் அவளைக் கைவிட்டுப் பாதாளம் புகுகிறான். எதை உண்டு வாழ்வேன் என்று அவள் கேட்க, பெண்கள் உனக்குப் படையல் இடுவார்கள் என்பதே அவன் கூறும் விடை. அந்தப் படையலை இட்டுவந்த பெண்களுள் ஒருத்தியாகவே நக்கன் கொற்றியையும் கருத வேண்டும்.

பத்ம புராணத்தின் கதை சற்று மாறுகிறது. திருமால் திருமகளை மணக்க விரும்பியபோது, மூத்தவள் இருக்க இளையவளுக்கு மணம் கூடாது என்று திருமகளே மறுத்துவிடுகிறாள். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் எந்த வீட்டிலும் இன்றும் கேட்கக்கூடிய நியாயம் அது. ஆகவே உத்தாலகர் என்ற முனிவருக்கு மூத்தவள் அவசரமாக மணமுடிக்கப்படுகிறாள். வேத ஒலி நிறைந்த ஆசிரமத்தில் வாழ மறுத்த அவளை, தகுந்த இடம் தேடி வருவதாகச் சொல்லி ஓர் அரசமரத்தடியில் உட்காரவைத்துச் சென்ற முனிவர் திரும்பவே இல்லை. அழுதுகொண்டிருந்த தமக்கையைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் திருமகள் அங்கே வருவாள் என்றும், அதனால் அரசமரத்தைத் தொடுவதற்கு அந்த ஒரு நாளே உரியது என்றும் வழக்கம் ஏற்பட்டது. கைவிடப்பட்ட பெண்ணின் துயரத்தைக் கதை ஒளிக்கவில்லை. ஆயினும் குற்றத்தை அவள் மீதே சுமத்துகிறது. திருமகளும் ஜ்யேஷ்டையும் நல்ல மனைவிக்கும் ஆகாத மனைவிக்கும் எடுத்துக்காட்டுகளாக எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள் என்று ஜூலியா லெஸ்லி 1991இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார்.

ஒரே திருச்சுற்றில் அவளோடு அமர்ந்திருந்த பிள்ளையாரின் வரலாற்றை இங்கே அருகில் வைத்துப் பார்த்தால்தான் தவ்வையின் வீழ்ச்சி எவ்வளவு விந்தையானது என்பது விளங்கும். மானவ கிருஹ்யசூத்திரம் நான்கு விநாயகர்களைக் குறிப்பிடுகிறது. அவர்கள் அருளுபவர்கள் அல்லர். மனிதரைப் பற்றிக்கொள்ளும் தீய ஆற்றல்கள். அவர்களால் பற்றப்பட்டால் தகுதியுள்ள அரசகுமாரன் நாட்டைப் பெறான், கன்னிக்குக் கணவன் வாய்க்கான், வணிகனின் வாணிபமும் உழவனின் விளைச்சலும் குலையும் என்று அந்நூல் கூறி, அவர்களை நீக்கும் சடங்கையும் வகுக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் அந்நால்வரும் அம்பிகையின் மகனான ஒரே விநாயகராகிறார்கள். பின்னர் இடையூற்றைத் தருபவர் இடையூற்றை நீக்குபவராகி, எல்லாத் தொடக்கங்களுக்கும் உரியவராகிவிட்டார். போதாயன மரபில் விக்கினபார்ஷதை என்றும் யானைமுகி என்றும் அழைக்கப்பட்ட ஜ்யேஷ்டைக்கும் இதே பாதை திறந்திருந்தது. சரிந்த வயிறு இருவருக்கும் பொது. தமிழில் அவர் மூத்த பிள்ளையார். அவள் மூத்த தேவி. மூப்பு அவருக்குப் பெருமையாயிற்று; அவளுக்கு அதுவே வசவாயிற்று.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தங்கையின் உயர்விலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. விநாயகருக்கு எதிர்நிலையாக நிறுத்தப்பட வேறொரு தெய்வம் இருக்கவில்லை. ஆகவே கெடுக்கும் ஆற்றலும் காக்கும் ஆற்றலும் ஒருவரிடமே தங்க முடிந்தது. ஜ்யேஷ்டைக்கோ திருமகள் இருந்தாள். திருமாலின் மார்பில் இடம்பெற்ற திருமகளிடம் நலம் முழுவதும் திரண்ட அளவுக்கு, எஞ்சியவை அனைத்தும் மூத்தவளின் பங்காக ஒதுக்கப்பட்டன. ஆழ்வாரின் கண்டனமும் இந்தப் பங்கீட்டை விரைவுபடுத்தியிருக்கும். கோயில் அமைப்பிலும் மாற்றம் வந்தது. 11ஆம் நூற்றாண்டிலிருந்து சிவன் கோயில்களில் அம்மனுக்கென்று தனிக்கோயில் எழுப்பும் முறை வேரூன்றியது. கல்வெட்டுகள் அதைத் திருக்காமக்கோட்டம் என்கின்றன. எட்டுப் பரிவாரக் கோயில்கள் சுருங்கிச் சுற்று மண்டபங்களாயின; பிள்ளையாரும் முருகனும் சண்டிகேசரும் அவற்றில் இடம்பிடித்துக்கொள்ள, சேட்டையின் இருக்கை காலியாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்துச் சிற்பவியல் பற்றிய பெருநூலை எழுதிய து. அ. கோபிநாத ராவ் அவளைக் குறித்து விரிவாக எழுதியபோது, அவர் பேசியது வழக்கொழிந்த ஒரு வழிபாட்டைப் பற்றித்தான்.

அவளை உழவின் தாய் என்றும், கழுதையும் காக்கையும் துடைப்பமும் எருவையும் விளைச்சலையும் குறிக்கும் அடையாளங்கள் என்றும் அண்மைக்காலத்தில் சிலர் எழுதுகின்றனர். பருத்த வயிறும் இரு மக்களும் அவளை வளத்தோடு இணைப்பது உண்மை. ஆழ்வாரின் சொல்லும் அதற்குத் துணை நிற்கும். ஆனால் எருவைப் பற்றிய விளக்கம் சின்னங்களை வைத்துக் கட்டிய ஊகமே; அதைத் தாங்கும் சான்று இல்லை. ஒரு பழியைத் துடைப்பதற்காக மற்றொரு புராணத்தைப் படைக்க வேண்டிய தேவை தவ்வைக்கு இல்லை. திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டு ஒன்றே போதும்.

வழிபாடு மறைந்தாலும் அச்சம் மறையவில்லை. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கலாகாது, அந்தி நேரத்தில் படுத்துறங்கலாகாது, துடைப்பத்தை நிமிர்த்தி வைக்கலாகாது என்ற தமிழ் வீட்டு விலக்குகளில் அவள் ஆட்சியின் எச்சம் தொடர்கிறது. வங்காளத்தில் தீபாவளிப் பருவத்துக் காளி பூசை இரவில் சாணத்தால் அலட்சுமியின் உருவத்தைப் பிடித்து, முறத்தைத் தட்டி ஓசையெழுப்பி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டு, அதன் பின்னரே திருமகளை வரவேற்கும் வழக்கம் உண்டு. ஸ்ரீசூக்தத்தின் வேண்டுகோள் அங்கே இன்றும் நடித்துக்காட்டப்படுகிறது. தாந்திரிக மரபின் பத்து மகாவித்தைகளுள் ஒருத்தியான தூமாவதி, கைம்பெண் கோலத்தில் காக்கைக் கொடியும் முறமும் தாங்கி நிற்கிறாள். தமிழ்நாட்டில் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் பெயர்த்தெறியப்பட்டுக் கிடந்த சேட்டைச் சிற்பங்கள் சில அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. வேறு சில, இன்னார் என்று அறியப்படாமலேயே ஊரம்மனாகி மஞ்சளும் குங்குமமும் பெறுகின்றன.

அவளுடைய கழுதையும் துடைப்பமும் மட்டும் வட இந்தியாவில் மற்றொரு பெண்தெய்வத்தை அடையாளம் காட்டுகின்றன. வேப்பிலையும் தண்ணீர்க் குடமும் ஏந்தி, தலையில் முறத்தைத் தாங்கி, கழுதைமேல் வரும் சீதளை அம்மை நோயைத் தருபவளாகவும் அதைத் தணிப்பவளாகவும் ஒருங்கே வணங்கப்பட்டாள். ஜ்யேஷ்டையிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த இரட்டை அதிகாரம் சீதளையிடம் எப்படி நிலைத்தது என்பதும், 1980இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பின் அவள் எவற்றை ஆண்டாள் என்பதும் அடுத்த பகுதிக்குரியவை.